தேவை எவ்வளவு? வரவு எவ்வளவு? – போர்க்கால உற்பத்திக் கணக்கு தரும் வணிகப் பாடம்

வணிகத்தில் நஷ்டம் வரும் வழிகள் பல. கொடுத்த கடன் திரும்பாமல் போவது ஒன்று. விலை இறங்கும்போது கையில் சரக்கு மாட்டிக்கொள்வது மற்றொன்று. இவை கண்ணுக்குத் தெரியும் நஷ்டங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஆண்டு முழுவதும் அரித்துக்கொண்டிருப்பது கணிப்புத் தவறால் வரும் நஷ்டம். பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு சரக்கு தீர்ந்துவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகிறார். போனவர் பல சமயம் திரும்புவதில்லை. பண்டிகை கழிந்தபின் மூட்டைகள் மிஞ்சினால் முதல் முடங்குகிறது, வண்டும் விழுகிறது. எவ்வளவு தேவைப்படும், எவ்வளவு வந்து சேரும், வந்ததில் எவ்வளவு தேறும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வைத்திருப்பவரே தொழிலில் நிலைத்து நிற்கிறார்.

இதே மூன்று கேள்விகளை இரண்டு உலகப் போர்களிலும் வல்லரசுகள் கேட்டுக்கொண்டன. பீரங்கிக் குண்டு, இயந்திரத் துப்பாக்கி, டாங்கி, விமானம் ஆகியவை அவற்றின் சரக்கு. கணக்குத் தவறியபோது ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. அந்தக் கணக்குகள் பின்னாளில் வெளிவந்துவிட்டன. எங்கே தவறினார்கள், எப்படித் திருத்தினார்கள் என்று இன்று நாம் நிதானமாகப் பார்க்க முடிகிறது. அவற்றிலிருந்து மளிகைக் கடைக்கும் மொத்த வியாபாரத்துக்கும் உதவும் பாடங்களை இக்கட்டுரையில் காண்போம்.

1. பழைய பேரேட்டை நம்பியதால் வந்த தட்டுப்பாடு

1914 ஆகஸ்டில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. அதன் ராணுவ அலுவலகம் வைத்திருந்த குண்டுக் கணக்கு முந்தைய பெரும் போரான தென்னாப்பிரிக்கப் போரின் (1899–1902) அனுபவத்தில் எழுந்தது. அந்தப் போர் சுமார் இரண்டே முக்கால் ஆண்டு நடந்தது. அதில் பிரிட்டிஷ் பீரங்கிகள் செலவிட்டவை ஏறத்தாழ 2,73,000 குண்டுகள். திறந்த வெளியில் குதிரை மீது விரைந்து திரிந்த எதிரியுடன் நடந்த சண்டைக்கு அந்த அளவு போதுமானதாக இருந்தது.

பிரான்சில் நிலைமை வேறு. 1914 முடிவதற்குள் இரு தரப்பினரும் பதுங்குகுழிகள் வெட்டி, முன்னால் முள்கம்பி வேலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். குழிக்குள் இருப்பவரை அசைக்கப் பீரங்கியை விட்டால் வழியில்லை. போர் தொடங்கிய முதல் ஆறு மாதங்களிலேயே சுமார் 10 லட்சம் குண்டுகள் செலவாகிவிட்டன. நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது சுட்டவை சுமார் 130 குண்டுகள். அதற்கே நகரம் நடுங்கியது; அந்தக் கப்பலின் பெயர் நம் பேச்சு வழக்கிலும் நின்றுவிட்டது. பிரான்சுப் போர்முனையில் பெருஞ்சண்டை நாளில் ஒற்றைப் பீரங்கியே அதைவிட அதிகம் சுட்டுவிடும்.

1915 மார்ச் 10 அன்று நூவ் ஷாப்பெல் என்ற இடத்தில் பிரிட்டிஷ் படை தாக்கியது. 35 நிமிடப் பீரங்கி வீச்சில் எதிரியின் முதல் வரிசை உடைந்தது. ஆனால் வெற்றியைத் தொடர முடியவில்லை. அதற்கான காரணங்களுள் குண்டுக் கையிருப்பு கரைந்ததும் ஒன்று. மே 9 அன்று ஓபேர் மேட்டைத் தாக்கியபோது பீரங்கி வீச்சு போதவில்லை. வேலியும் அறுபடவில்லை, எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளும் அடங்கவில்லை. அந்த ஒரே நாளில் கொல்லப்பட்டோரும் காயமுற்றோருமாக 11,000 பேருக்கு மேல் பிரிட்டிஷ் படை இழந்தது. குண்டுத் தட்டுப்பாடே காரணம் என்று மே 14 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ செய்தி வெளியிட, நாடே கொதித்தது. அம்மாதத்திலேயே பிரிட்டனில் கூட்டணி அரசு அமைந்தது. ஜூனில் தளவாடங்களுக்கென்று தனி அமைச்சகம் ஏற்பட்டு, லாயிட் ஜார்ஜ் அதன் முதல் அமைச்சரானார்.

ராணுவ அலுவலகத்தார் கணக்குப் பார்க்காதவர்கள் அல்லர். பழைய பேரேட்டைச் சரியாகவே பார்த்தார்கள். சண்டையின் தன்மை மாறியதைத்தான் கணக்கில் சேர்க்கத் தவறினார்கள். சென்ற ஆண்டு இதே மாதம் எவ்வளவு விற்றது என்று நாம் புரட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் தெருவில் புதுக் குடியிருப்பு வந்திருக்கிறதா, எதிரே பெரிய கடை திறந்திருக்கிறதா, பேருந்து நிறுத்தம் தள்ளிப் போயிருக்கிறதா என்றும் கூடவே கேட்க வேண்டும். நிலைமை மாறாதவரைதான் பழைய விற்பனை புதிய விற்பனைக்கு அளவுகோல்.

2. ஆர்டர் போட்டது கையிருப்பு ஆகாது

தட்டுப்பாடு வந்ததும் பிரிட்டிஷ் ராணுவ அலுவலகம் சும்மா இருக்கவில்லை. கம்பெனிகளுக்கு லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுத்தது. காகிதத்தில் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் 1915 மே இறுதிக்குள் வந்திருக்க வேண்டிய சுமார் 58 லட்சம் குண்டுகளில் வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 20 லட்சம்தான். மூன்றில் ஒரு பங்கு!

காரணங்கள் நமக்கும் பழக்கமானவையே. தேர்ந்த தொழிலாளர் பலர் படையில் சேர்ந்துவிட்டார்கள். கடைசல் இயந்திரங்கள் போதவில்லை. தம்மால் முடிந்ததற்கு மேல் ஆர்டர் வாங்கிக்கொண்ட கம்பெனிகளும் இருந்தன. இவற்றுக்கு மேல் முக்கியமான ஒன்று உண்டு. பீரங்கிக் குண்டு என்பது ஒரே பொருள் அல்ல. எஃகுக் கூடு, உள்ளே நிரப்பும் வெடிமருந்து, குண்டை உந்தித் தள்ளும் மருந்து, அதற்கான பித்தளைக் குழல், வெடிக்கச் செய்யும் பியூஸ் என எல்லாம் சேர்ந்தால்தான் அது குண்டு. கூடுகள் குவிந்து கிடக்க, பியூஸும் நிரப்பும் ஏற்பாடும் இல்லாமல் அவை பயனற்று நின்றன. மிளகாய்த் தூள் அரைத்துத் தயாராக இருந்தும், அச்சடித்த கவர் வராததால் பாக்கெட் போட முடியாமல் நிற்கும் நிலைதான் அது.

உந்து மருந்தான கார்டைட்டைத் தயாரிக்க அசிட்டோன் என்ற திரவம் வேண்டும். நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் உள்ள கார்டைட் தொழிற்சாலை அந்த மருந்தின் பெயரைத் தாங்கியே தொடங்கப்பட்டது. மரத்தை வடித்து எடுக்கும் அசிட்டோன் போதாமல் போனதால், மான்செஸ்டரில் பணியாற்றிய சைம் வைஸ்மன் என்ற வேதியியலாளர் கண்ட வழியில் மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து எடுத்தார்கள். 1917-இல் தானியத்துக்கே தட்டுப்பாடு வந்தபோது, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு காட்டுமரக் கொட்டைகளைப் பொறுக்கச் செய்தார்கள். ஒரு சிறு இடுபொருள் குறைந்தால் மொத்த உற்பத்தியும் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

புதிய அமைச்சகம் அரசுத் தொழிற்சாலைகளைக் கட்டியது. குண்டு நிரப்புவதற்கென்றே தனி ஆலைகளை அமைத்தது. பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தது. பிரிட்டனின் குண்டு உற்பத்தி உயர்ந்த விதத்தைப் பாருங்கள்:

1914 – 5 லட்சம்
1915 – 60 லட்சம்
1916 – 4 கோடியே 57 லட்சம்
1917 – 7 கோடியே 62 லட்சம்

பணமும் அதிகாரமும் தொழிலாளர் உழைப்பும் எல்லாம் இருந்தும், 1915-இல் எடுத்த முடிவின் பலன் 1916-இல்தான் கைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தை எந்த ஆணையாலும் சுருக்க முடியவில்லை. இந்த வேகத்துக்கு ஆலைகளிலும் விலை கொடுத்தார்கள். 1917 ஜனவரியில் லண்டன் சில்வர்டவுன் ஆலை வெடித்து 73 பேரும், 1918 ஜூலையில் சில்வெல் ஆலை வெடித்து 134 பேரும் மாண்டார்கள்.

3. எண்ணிக்கை வேறு, தேறுவது வேறு

1916 ஜூன் 24 முதல் ஒரு வாரம் சோம் நதிப் பகுதியில் பிரிட்டிஷ் பீரங்கிகள் சுமார் 15 லட்சம் குண்டுகளைப் பொழிந்தன. ஓராண்டுக்கு முன் கனவிலும் காணாத அளவு. இனி எதிரே யாரும் உயிருடன் இருக்கமாட்டார்கள் என்று நம்பி ஜூலை 1 காலையில் படையை நடத்தினார்கள். அன்று ஒரு நாளில் பிரிட்டிஷ் படையில் விழுந்தோர் 57,470 பேர். அவர்களில் இறந்தோர் 19,240 பேர்.

எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் அவசரத்தில் செய்த குண்டுகளில் பெருந்தொகை வெடிக்கவே இல்லை. மூன்றில் ஒரு பங்கு வரை அப்படிப் போயிருக்கலாம் என்று மதிப்பிடுவோர் உண்டு. வெடித்தவற்றிலும் பெரும்பகுதி ஈயக் குண்டுமணிகளைச் சிதறவிடும் வகை. வெளியில் நிற்கும் ஆளுக்கு அது எமன். ஆழக் குழிக்குள் இருப்பவரை அது தொடாது. ஆழக் குழியை உடைக்கும் கனமான குண்டுகள் தேவைக்குக் குறைவாகவே இருந்தன. நூறு மூட்டை வந்து இறங்கியது என்று கணக்கெழுதும் நாம், அதில் ஈரம் எத்தனை, கல்லும் தூசியும் எத்தனை, நம் வாடிக்கையாளர் கேட்கும் ரகம் எத்தனை என்று பிரித்து எழுதாவிட்டால் நம் கணக்கும் சோம் கணக்கேதான்.

4. கேட்பவர் சொல்லும் அளவு

தேவையைச் சொல்பவர் குறைத்தும் சொல்லலாம், கூட்டியும் சொல்லலாம். 1914-இல் ஒரு பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். நான்குக்கு மேல் வேண்டியதில்லை என்பது போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் கருத்து. லாயிட் ஜார்ஜ் அந்த நான்கைப் பதினாறாக்கி, அதை இரட்டித்து, மறுபடியும் இரட்டித்து 64 என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யச் சொன்னார் என்பார்கள். 1918-இல் பட்டாளத்திடம் இலகு ரகத் துப்பாக்கிகள் மட்டுமே 36 இருந்தன. பழக்கத்தை வைத்து நான்கு என்றவரைவிட 64 என்றவரே உண்மைக்கு அருகில் நின்றார்.

கூட்டிச் சொன்னால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1942 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், 1943-இல் 1,25,000 விமானங்களும் 75,000 டாங்கிகளும் செய்வோம் என்று இலக்கு அறிவித்தார். தரைப்படையும் கடற்படையும் தத்தம் பட்டியல்களை மேலே அடுக்கின. போர் உற்பத்தி வாரியத்தில் இருந்த சைமன் குஸ்நெட்ஸ், ராபர்ட் நாதன் ஆகிய பொருளியலாளர்கள் இந்தப் பட்டியல்களைக் கூட்டி, நாட்டின் மொத்த உற்பத்தித் திறனோடு ஒப்பிட்டார்கள். அந்த அளவு நடவாது என்று கணக்கு காட்டியது. நடவாததைக் கேட்டால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறைவாக வரும் என்பதல்ல அவர்கள் அச்சம். இரும்பும் செம்பும் இயந்திரமும் ஒழுங்கின்றிச் சிதறி, எஞ்சின் இல்லாத விமானமும் குண்டு இல்லாத பீரங்கியும்தான் மிஞ்சும் என்பதே.

தரைப்படையின் விநியோகத் தலைவர் ஜெனரல் சோமர்வெல் இந்தக் கணக்கை ஏற்கவில்லை, கடுமையாக மறுத்தார். வாதம் முற்றியது. இறுதியில் 1942 நவம்பரில் படைத் தலைவர்கள் 1943-க்கான திட்டத்தைச் சுமார் 9,300 கோடி டாலரிலிருந்து சுமார் 8,000 கோடி டாலருக்குக் குறைத்துக்கொண்டார்கள். 1943-இல் உண்மையில் செய்து முடித்தவை சுமார் 86,000 விமானங்கள், 30,000-க்குச் சற்றுக் குறைவான டாங்கிகள். முதலில் அறிவித்த இலக்குக்கு இவை வெகு கீழே. ஆனாலும் வேறெந்த நாடும் அவ்வாண்டு அத்தனை விமானங்கள் செய்யவில்லை. குஸ்நெட்ஸ் 1971-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

கையில் உள்ள முதலுக்கு மேல் எல்லாச் சரக்கையும் வாங்கிப் போட நினைப்பவருக்கு நேர்வதும் இதுவே. சர்க்கரையில் முதல் முடங்கிக் கிடக்கும். எண்ணெய் வாங்கப் பணம் இருக்காது.

5. எதிர்த்தரப்பின் கணக்கை எண்ணும் வித்தை

நம் தேவையைக் கணக்கிட எதிர்த்தரப்பின் பலமும் தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகள் அறிய விரும்பின. வழக்கமான உளவுச் செய்திகள் மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்றன. 1943 தொடக்கத்தில் லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவு வேறு வழியில் இறங்கியது. பிடிபட்ட டாங்கிகளின் பாகங்களில் பொறித்திருந்த வரிசை எண்களைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்கள் கிடைத்ததும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்:

1940 ஜூன்: உளவு 1,000, எண் கணக்கு 169, உண்மை 122
1941 ஜூன்: உளவு 1,550, எண் கணக்கு 244, உண்மை 271
1942 ஆகஸ்ட்: உளவு 1,550, எண் கணக்கு 327, உண்மை 342

பேச்சை நம்பியவர்கள் நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று ஏமாந்தார்கள். இரும்பில் பொறித்த எண்ணைப் படித்தவர்கள் உண்மையை நெருங்கினார்கள்.

இந்தக் கணக்கு நம் கடை வாசலிலேயே செய்யக்கூடியது. ஒரு கடை தினமும் 1-லிருந்து பில் எண் போடுகிறது என்று கொள்வோம். ஒரு நாளைய பில்களில் ஐந்து தற்செயலாக நம் கண்ணில் படுகின்றன. எண்கள் 14, 62, 105, 171, 230. பெரிய எண் 230. அதில் நாம் பார்த்தவை 5 போக, பார்க்காதவை 225. ஐந்து இடைவெளிகளில் அவை பரவியிருப்பதால் ஓர் இடைவெளிக்குச் சராசரி 45. உச்சிக்கு மேலும் அதே அளவு இடைவெளி இருக்கலாம் என்று 230-உடன் 45 சேர்த்தால் 275. அன்று அங்கே சுமார் 275 பில் போயிருக்கும் என்பது நியாயமான மதிப்பீடு. ‘அங்கே தினம் ஆயிரம் பேர் வாங்குகிறார்கள்’ என்ற பேச்சைக் கேட்டுப் பயந்து விலையைக் குறைப்பதற்கு முன் இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. எண் 1-லிருந்து தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று பில் புத்தகம் ஓடக் கூடாது. நாம் பார்த்தவை மாலைப் பில்களாக மட்டும் இருக்கக் கூடாது. நிதியாண்டு முழுவதும் ஒரே வரிசையில் எண் ஓடும் கடையானால் இன்னும் எளிது: இரு வேறு நாட்களின் பில்களைக் கழித்துப் பார்த்தாலே போதும். நம் பில்லும் அதேபோல் பிறருக்கு நம் வியாபாரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

6. இன்றும் அதே கணக்கு

இவை நூறாண்டுக்கு முந்தைய கதைகள் என்று தள்ளிவிட முடியாது. ரஷ்யா 2022-இல் உக்ரைன் மீது படையெடுத்தபின், 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டுக்குள் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக உக்ரைனுக்கு வாக்களித்தது. கெடு வந்தபோது ஏறத்தாழப் பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. அமைதிக் காலத்துக்கென அளந்து வைத்த ஆலைகளும், வெடிமருந்துக்கான மூலப்பொருள் பற்றாக்குறையும் முக்கியக் காரணங்கள். வாக்குக் கொடுத்தவர்கள் செல்வந்த நாடுகள்; பணம் இருந்தது, கருவியும் காலமும்தான் இல்லை.

7. நம் கடைக்கு ஒரு கணக்கு

இப்பாடங்களை ஒரு சிறு உதாரணத்தில் சேர்த்துப் பார்ப்போம். பண்டிகைக்கு இருபது நாள் இருக்கிறது. துவரம் பருப்பு சாதாரணமாகத் தினம் 2 மூட்டை போகும். பண்டிகைக் காலத்தில் 3 மூட்டை. ஆக, தேவை 60 மூட்டை. கையிருப்பு 10 மூட்டை. ஆர்டர் போட்டது 60 மூட்டை. காகிதத்தில் 70 மூட்டை இருக்கிறது, 23 நாளுக்கு வரும் என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது உண்மைக் கணக்கு. இந்த மொத்த வியாபாரியிடமிருந்து கெடுவுக்குள் வருவது வழக்கமாக நான்கில் மூன்று பங்கு என்று நம் நோட்டில் இருந்தால், 60-இல் வருவது 45. கையிருப்புடன் 55. புடைத்துச் சலித்ததில் ஒரு மூட்டை கழிந்தால் 54. தினம் 3 வீதம் 18 நாள். குறைவது இரண்டு நாள். அதுவும் பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாள்! வியாபாரம் உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில்தான் நம் கடையில் ‘பருப்பு இல்லை’ என்ற சொல் கேட்கும்.

ஆகவே ஒவ்வொரு முக்கியச் சரக்குக்கும் ஐந்து கேள்விகளை எழுதி வைப்போம்:

அ. இப்போதைய நிலையில் தினப்படி செலவு எவ்வளவு? சென்ற ஆண்டிலிருந்து எது மாறியிருக்கிறது?
ஆ. ஆர்டர் போட்டதில் கெடுவுக்குள் வருவது வழக்கமாக எத்தனை பங்கு?
இ. வந்ததில் தேறுவது எவ்வளவு? கேட்கும் ரகமா?
ஈ. உடன் சேர வேண்டிய கவர், சாக்கு, லேபிள், ஆள் எல்லாம் தயாரா?
உ. எல்லாச் சரக்குக்கும் சேர்த்து நம் முதல் தாங்குமா?

இவற்றுள் இரண்டாவது கேள்விக்கு விடை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. நாமே எழுதி வைத்தால்தான் உண்டு. ஒரு நோட்டில் ஆர்டர் தேதி, அளவு, வந்த தேதி, வந்த அளவு, கழிவு என ஐந்து பத்தி கோடு போட்டால் போதும். ஆறு மாதம் விடாமல் எழுதினால், எந்த வியாபாரி சொன்னபடி தருகிறார், எந்தச் சரக்கு எத்தனை நாளில் வருகிறது என்பது தானாகத் தெரியும். அடுத்த பண்டிகைக்கு முன் அந்த நோட்டு நம் கையில் இருக்கட்டும்.